பழைய போர்ஷ 911 வாங்கி, பராமரித்து, அல்ப்ஸ் கணவாய்களில் ஓட்டுவது: சுவிசில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

997 என்று சொல்லப்படும் போர்ஷ 911, 2004 முதல் 2012 வரை வந்த மொடல். அதைச் சுவிசில் பழையதாக வாங்கி, தானே கவனித்து, கோடையில் மலைக்குக் கொண்டுபோக விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் ஒன்று எட்டு வருடமாக இருக்கிறது. எங்கள் பெடியள் சிலர் வாங்கும்போதும் கூடப் போயிருக்கிறேன்.

அவர்கள் இடறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் வாங்குகிறார்கள். பிறகு மெருகேற்றுகிறார்கள். அடுத்த ஞாயிறே ஃபுர்க்கா கணவாய் ஏறுகிறார்கள். பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று சேர்விஸ் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது அதற்கும் பிறகு.

1. கார் தேடுவதற்கு முன்

முதலில் நிறுத்துமிடம். கூரையுள்ள, மின்சாரச் செருகி கைக்கெட்டும் இடமாக இருந்தால் நல்லது. வருடத்தில் நான்கைந்து மாதம் இந்தக் கார் அசையாமல் நிற்கும். அப்போது பற்றறிக்குச் சார்ஜர் தேவைப்படும்.

இரண்டாவது நம்பர் தகடு. வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்தால் வெக்சல்ஷில்ட் எடுக்கலாம். ஒரே தகட்டை இரண்டு கார்களுக்கும் மாற்றி மாற்றிப் போடுவதால் காப்புறுதிச் செலவு குறையும். ஆனால் தகடு இல்லாமல் நிற்கும் காரைப் பொது வீதியில் விட முடியாது. நிறுத்துமிடத்தை முதலாவதாகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது காப்புறுதி. வாங்கிய பிறகு விலை கேட்டுத் திகைத்தவர்கள் இருக்கிறார்கள். காரின் மொடல், வருடம், உங்கள் வயது, லைசென்ஸ் எடுத்த வருடம் எல்லாம் கொடுத்து முன்கூட்டியே எழுத்தில் விலை வாங்குங்கள். மார்டர் கடிக்கும் சேதம் அதில் அடங்குகிறதா என்றும் கேளுங்கள். கீரியைப் போன்ற அந்த விலங்கு இரவில் எஞ்சினுக்குள் புகுந்து ரப்பர் குழாய்களையும் வயர்களையும் கடித்துவிடும்.

நான்காவது ஒதுக்கிவைத்த காசு. காரின் விலைக்கு மேல் 10,000 பிராங் தனியாக இல்லாவிட்டால் வாங்க வேண்டாம் என்றுதான் நான் சொல்லுவேன். கார் பழசாகி விலை இறங்கியிருக்கலாம். அதன் பாகங்களுக்கும் வேலைக்கும் இன்றும் புதிய போர்ஷவுக்கான விலைதான்.

2. எந்த 997 என்று தீர்மானிப்பது

இதில் இரண்டு தலைமுறை உண்டு. 2008 வரை வந்த முதலாவதில் கரேரா என்ற அடிப்படை வகைக்கு 3.6 லீற்றர் எஞ்சின், 325 குதிரைவலு. கரேரா எஸ்ஸுக்கு 3.8 லீற்றர், 355 குதிரைவலு. 2008 நடுப்பகுதியில் வந்த இரண்டாவதில் எஞ்சினே புதியது. 345, 385 குதிரைவலு. பழைய எஞ்சினில் எல்லோரும் பயப்படும் இடைத்தண்டும் அதன் பெயாரிங்கும் இதில் இல்லை.

ஐ.எம்.எஸ். என்று பேசப்படுவது அந்த பெயாரிங்தான். அது உடைந்தால் எஞ்சின் போய்விடும். முதல் தலைமுறையின் ஆரம்பக் கார்களில் சிறிய பெயாரிங் இருக்கலாம். 2006 மொடலிலிருந்து பெரியது போட்டார்கள். அது மிக அரிதாகவே பழுதாகிறது. ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது.

என் அனுபவத்தில் முதல் தலைமுறையில் உண்மையாகக் கவலைப்பட வேண்டியது சிலிண்டர் சுவர் கீறல். பெடியள் ஐ.எம்.எஸ். பற்றி இரவிரவாக வாசித்துவிட்டு வருவார்கள், இதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். பிஸ்டன் சிலிண்டர் சுவரைச் சுரண்டி, கார் ஒயில் குடிக்கத் தொடங்கும். எஞ்சினைத் திரும்பக் கட்டும் செலவு சுவிசில் 20,000 பிராங்கைத் தாண்டக்கூடியது.

காசு போதுமானால் இரண்டாம் தலைமுறை. இல்லையென்றால், நன்றாகச் சோதித்த முதல் தலைமுறை 3.6 லீற்றர். மலையில் 325 குதிரைவலு தாராளமாகப் போதும்.

3. கார் பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள். "எஞ்சினைச் சூடாக்க வேண்டாம், நான் வந்துதான் ஸ்ரார்ட் பண்ண வேண்டும்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனவுடன் எஞ்சின் மூடியில் கை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சினில் கேட்கும் சத்தங்கள் சூடானதும் மறைந்துவிடலாம். கீறல் விழுந்த எஞ்சின் சூடான பிறகும் ஒரே பக்கத்தில் தட்டிக்கொண்டிருக்கும். இரண்டு நிலையிலும் கேட்டால்தான் எது எதுவென்று தெரியும்.

ஸ்ரார்ட் செய்வதற்கு முன் இரண்டு புகைக்குழாய் முனைகளையும் வெள்ளைத் துணியால் துடையுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு கரி காட்ட வேண்டும். ஒன்று மட்டும் கறுத்து ஒயில் பிசுக்காக இருந்தால், அந்தப் பக்கச் சிலிண்டர்களை உள்ளே பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஸ்ரார்ட் செய்யும்போது சிறிது நீலப்புகை வருவது இந்தப் படுத்த வகை எஞ்சினில் சாதாரணம். ஒரு பக்கம் சரிவாக நின்றிருந்தால் கொஞ்சம் கூடுதலாக வரும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல காரை விட்டவர்களும் உண்டு. நில்லாமல் கொட்டும் வெண்புகை வேறு விஷயம். ஒயில் ஆவியைப் பிரிக்கும் பாகம் உடைந்திருக்கலாம்.

பிறகு முன்பக்கம் குனிந்து பம்பரின் இரு ஓரக் காற்றுவாய்களுக்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் பின்னால் இருந்தாலும் றேடியேற்றர்கள் முன்னால்தான் இருக்கின்றன. காய்ந்த இலைகள் அங்கே தங்கி, ஈரம் பிடித்து, ஏசி கண்டென்சரைத் தின்றுவிடும். குப்பை நிறைந்திருந்தால் அதுவே விற்பவரின் பழக்கத்தைச் சொல்லிவிடும். மற்ற இடங்களிலும் கவனமாகப் பாருங்கள்.

ரயரின் பக்கச் சுவரில் டொட் (DOT) என்பதற்குப் பின்னால் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. ஆறு வருடம் கடந்த ரயரைக் கோடு எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்ற வேண்டும் என்று கணக்கில் எடுத்து விலை பேசுங்கள். போர்ஷ பரிசோதித்து ஒப்புக்கொண்ட ரயரில் N என்ற எழுத்தும் ஓர் இலக்கமும் இருக்கும். முன்னும் பின்னும் வேறு வேறு கொம்பனி ரயர் என்றால் யாரோ செலவைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

சில்லுப் போல்ட் பூட்டின் திறப்பு முன் பெட்டியில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அது இல்லாமல் எந்தக் கராஜாலும் சில்லைச் சுலபமாகக் கழற்ற முடியாது. இந்தச் சின்னத் துண்டுக்காக ஒரு தம்பி இரண்டு கிழமை காத்திருந்தார்.

ஓட்டிப் பார்த்துப் பிடித்துவிட்டால் அன்றே கை கொடுக்காதீர்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, இந்த எஞ்சினில் பழகிய கராஜில் ஒரு சோதனைக்குக் காசு கட்டுங்கள். அங்கே மூன்று விஷயத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒன்று, ஆறு சிலிண்டருக்குள்ளும் கமரா விட்டுப் படம் எடுப்பது. முதல் தலைமுறையில் கீறல் சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் தொடங்குவதால், ஒயில் தட்டைக் கழற்றிக் கீழிருந்து பார்ப்பதுதான் நம்பகமானது. பிளக் துவாரம் வழியாக மட்டும் பார்த்தால் தப்பிவிடலாம். இரண்டு, ஒயில் பில்ரரை எடுத்து மடிப்புகளில் உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்று, எஞ்சின் கணினியில் பதிவாகியிருக்கும் அதிவேகச் சுழற்சிகள். யாராவது கியர் மாறிப் போட்டு எஞ்சினை எல்லைக்கு மேல் சுழற்றியிருந்தால், எத்தனையாவது மணித்தியாலத்தில் என்பதோடு அது பதிந்திருக்கும்.

சோதனைக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி ஒருவரிடம் கெஞ்சி, கடைசியில் அவர் வார்த்தையை நம்பி முற்பணம் கொடுத்தேன். அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

4. பத்திரங்கள்

வாகனப் பத்திரத்தில் 178 என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் காரின் உரிமையை மாற்றத் தடை இருக்கிறது. பெரும்பாலும் லீசிங் காசு இன்னும் கட்டி முடியாத கார். லீசிங் கொம்பனி அந்தக் குறியீட்டை நீக்கும்வரை ஒரு பிராங்கும் கொடுக்க வேண்டாம்.

விளம்பரத்தில் "அப் எம்.எவ்.கா." என்று இருந்தால் அரச பரிசோதனை புதிதாகச் செய்து தருகிறார்கள் என்று அர்த்தம். அது வீதிக்குத் தகுதியா என்ற பரிசோதனைதான். சிலிண்டருக்குள் அவர்கள் பார்ப்பதில்லை. மூன்றாவது பிரிவில் சொன்ன சோதனைக்கு அது ஈடாகாது.

மாற்றிப் போட்ட புகைக்குழாய், சில்லு, ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் அனுமதிப் பத்திரமோ பதிவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பரிசோதனையில் பழைய பாகத்தைத் தேடி வாங்கிப் பூட்டும் செலவு உங்கள் தலையில்.

5. முதல் மாதம்: எல்லாத் திரவமும் புதிதாக

வாங்கிய கையோடு மலைக்குப் போகாதீர்கள். சேர்விஸ் புத்தகத்தில் என்ன முத்திரை இருந்தாலும், உங்கள் கணக்கு இன்றைய திகதியில் தொடங்கட்டும்.

எஞ்சின் ஒயிலும் பில்ரரும் மாற்றுங்கள். 8 லீற்றர் அளவு பிடிக்கும். போர்ஷவின் ஏ40 அனுமதி எழுதியிருக்கும் 0டபிள்யூ-40 ஒயில் இதற்குப் பொருந்தும். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும். குறுகிய ஓட்டத்தில் ஒயிலுக்குள் சேரும் ஈரமும் பெற்றோலும் நிற்கும் காரில் அப்படியே கிடக்கும்.

பிரேக் ஒயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அது காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். நகரத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மலை இறக்கத்தில்தான் தெரியும். அது எப்படி என்று ஒன்பதாவது பிரிவில் சொல்கிறேன்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்றின் மட்டத்தைக் குறித்து வைத்து, மாத முடிவில் திரும்பப் பாருங்கள். குறைந்திருந்தால் தண்ணிப் பம்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

இந்த மாதம் முழுவதும் வேலைக்கு, கடைக்கு என்று சாதாரண ஓட்டமாக ஓட்டுங்கள். ஒயில் சூடு எங்கே நிற்கிறது, அழுத்தம் எவ்வளவு, கிளச் எங்கே பிடிக்கிறது என்று உங்கள் காரின் வழமையைப் பழகிக்கொள்ளுங்கள். வழமை தெரியாதவருக்கு மலையில் வித்தியாசமும் தெரியாது.

6. வருடம் முழுவதும் செய்ய வேண்டியவை

ஒயில் அளவு. 997இல் குச்சி இல்லை. மீற்றர்த் திரையில்தான் பார்க்க வேண்டும். அளக்கும் முறை இரண்டு தலைமுறைக்கும் ஒன்றல்ல, கையேட்டில் உங்கள் வருடத்துக்கு உரியதைப் பாருங்கள். கார் சமதரையில் நிற்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. குறைந்தால் அரை லீற்றருக்கும் குறைவாக விட்டு, திரும்ப அளந்து, பிறகு மிச்சம். அதிகமாகிவிட்டால் ஒயில் காற்றுக்குழாய்க்குள் இழுபட்டுப் புகையாக வரும். புதியவர்கள் குறைவாக விடுவதைவிட அதிகமாக விட்டுத்தான் கெடுக்கிறார்கள்.

சூடாக்குதல். தண்ணீர் முள் 80 பாகைக்கு வந்ததும் கார் தயார் என்று நினைக்காதீர்கள். ஒயில் அதற்குப் பிறகுதான் சூடாகும். ஒயில் முள்ளும் 80ஐத் தொடும்வரை நிமிடத்துக்கு 3,000 சுழற்சிக்கு மேல் போகாமல் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தி வைத்துச் சூடாக்குவதும் வேண்டாம். சிலிண்டர் கீறலுக்குக் குளிர்ந்த எஞ்சினை உறும விடுவது நேரடியான உதவி.

பற்றறி. இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும் என்றால் பராமரிப்புச் சார்ஜரில் கொழுவுங்கள். பற்றறி முன் மூடிக்குக் கீழே இருக்கிறது, அந்த மூடியோ மின்சாரத்தில் திறப்பது. பற்றறி இறந்தால் பற்றறியை எட்டவே முடியாது. அதற்கொரு வழி உண்டு: சாரதி கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் பியூஸ் பெட்டிக்குள் வெளியே இழுக்கக்கூடிய சிவப்பு முனை ஒன்று இருக்கும். வேறொரு 12 வோல்ற் பற்றறியின் நேர்முனையை அதிலும், எதிர்முனையைக் கதவுப் பூட்டின் இரும்பிலும் தொடுத்து, மூடியின் பொத்தானை அழுத்தினால் திறக்கும். எஞ்சினை அந்த முனையால் ஸ்ரார்ட் செய்ய முயலக் கூடாது, வயர் தாங்காது. இதை வீட்டில் ஒருமுறை செய்து பழகுங்கள். அண்டர்மற் போன்ற மலையூரில் மழைக்குள் நின்றுகொண்டு கையேட்டில் தேடுவது மிகுந்த சிரமம்.

குளிர்காலம். உப்புப் போடத் தொடங்கியதும் நான் தகட்டை மாநில வாகனத் திணைக்களத்தில் ஒப்படைத்துவிடுவேன். அந்த மாதங்களுக்கு வரியும் காப்புறுதியும் நிற்கும். கழுவி, ராங்க் நிறையப் பெற்றோல் அடித்து, ரயர்க்காற்றைச் சற்றுக் கூட்டி விடுங்கள்.

7. மலைக்குப் போகும் கிழமை

வியாழக்கிழமை அளவில், வீட்டில் கார் குளிர்ந்திருக்கும்போது ரயர்க்காற்றைப் பாருங்கள். ஓடிய பிறகு அளந்தால் சூட்டில் கூடிய அளவைத்தான் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் குறைவாக நிற்கும்.

பெரும்பாலான 997இல் மேலதிகச் சில்லு கிடையாது. ஒட்டுத்திரவமும் சிறிய பம்பும்தான். அந்தப் போத்தலில் காலாவதித் திகதி இருக்கிறது, பாருங்கள். ரயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அது உதவாது, வண்டி இழுக்கத்தான் கூப்பிட வேண்டும். ரி.சி.எஸ். வீதியுதவி இலக்கம் 140. பொலிஸ் 117, அம்புலன்ஸ் 144.

முக்கோண எச்சரிக்கைப் பலகை சாமான்களுக்கு அடியில் இருக்கக் கூடாது, கைக்கெட்ட வேண்டும். முன் பெட்டி 135 லீற்றர்தான். நான்கு சில்லுக்கும் எஞ்சின் வலு போகும் மொடலில் இன்னும் குறைவு. உருளும் கடினமான சூட்கேஸ் வேண்டாம், மென்மையான பைகள் எடுங்கள். ஒரு லீற்றர் ஒயிலும் கட்டாயம்.

கணவாய் திறந்திருக்கிறதா என்று கிளம்பும் அன்று காலையும் பாருங்கள். வழமையாக யூன் முதல் ஒக்ரோபர் வரை திறந்திருக்கும். ஆனால் யூலையிலும் ஒரு நாள் பனி விழுந்து மூடலாம். 98 பெற்றோலைக் கீழேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

8. எந்த வழி, எந்தத் திசை

முதல் தடவை சுஸ்டன் கணவாய் மட்டும். ஏ2 நெடுஞ்சாலையில் வாசனில் இறங்கி, 2,224 மீற்றர் உச்சிக்கு ஏறி, அதே வழியில் திரும்புங்கள். வீதி அகலமானது, வளைவுகள் முன்கூட்டியே தெரியும். காரைப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது தடவை மூன்று கணவாய்ச் சுற்று: அண்டர்மற், ஃபுர்க்கா, கிளெட்ச், கிறிம்சல், இன்னர்ற்கியர்ஹன், சுஸ்டன், வாசன். ஏறத்தாழ 120 கி.மீ. பலர் இதை எதிர்த்திசையில் செய்கிறார்கள். நான் ஃபுர்க்காவை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மூன்றிலும், அண்டர்மற்றுக்கு அடுத்த ஊரான ரியால்ப் பக்கத்து ஃபுர்க்கா வீதிதான் ஒடுக்கம். பல இடங்களில் நடுக்கோடு இல்லை, ஓரத்தில் கல் முளைகள் மட்டும். அதைக் காலை ஏழு மணிக்கு, பஸ்ஸும் மோட்டார் சைக்கிள்களும் வருவதற்கு முன், மனம் தெளிவாக இருக்கும்போது கடந்துவிட வேண்டும். ரியால்ப்பிலிருந்து ஏறினால் பெரும்பகுதியில் மலைச்சுவர் உங்கள் பக்கம், பள்ளம் எதிரே வருபவரின் பக்கம். களைத்துவிட்ட பின்னேரத்தில் மிச்சம் இருப்பது அகலமான சுஸ்டன்.

சனி, ஞாயிறைத் தவிருங்கள். செவ்வாய், புதன் அருமை.

மஞ்சள் கொம்புப் படம் போட்ட நீலப் பலகை உள்ள வீதியில் தபால் பஸ் சாரதியின் சைகைக்குக் கட்டுப்பட வேண்டும். வளைவுக்கு அப்பால் மூன்று சுரக் கொம்பு கேட்டால் அகலமான இடத்தில் உடனே ஒதுங்கி நில்லுங்கள். அந்த பஸ்ஸுக்கு வளைவில் முழு வீதியும் வேண்டும். ஒடுங்கிய செங்குத்து வீதியில் இரு கார்கள் சந்தித்தால் இறங்குபவர்தான் வழிவிட வேண்டும்.

ஊருக்கு வெளியே எல்லை 80. இந்தக் கார் இரண்டாம் கியரிலேயே அதைத் தாண்டிவிடும். 80 வலயத்தில் 60 மேலதிகமாகப் போனால் சுவிஸ் சட்டத்தில் அது தண்டப் பணத்தோடு முடியாது. குற்றவியல் வழக்கு, லைசென்ஸ் பறிப்பு, கார் பறிமுதல்வரை போகலாம். றேடார் காட்டும் கருவியும் இங்கே தடை.

9. ஏற்றமும் இறக்கமும்

ஏற்றத்தில் பெரிதாகத் தவறு நடப்பதில்லை. வளைவுக்கு முன் நேர்வீதியிலேயே பிரேக்கை முடித்து, வளைவுக்குள் மெல்லிய அக்சிலறேற்றரோடு போங்கள். எஞ்சினின் பாரம் பின்சில்லுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவின் நடுவில் பயந்து சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னுக்குத் தாவி, பின்பக்கம் வெளியே இழுக்கும். மின்னணுக் கட்டுப்பாடு பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். அதை நிறுத்தும் சுவிச்சைத் தொடாதீர்கள்.

இறக்கம்தான் ஆபத்து. கிறிம்சல் உச்சி 2,164 மீற்றர், இன்னர்ற்கியர்ஹன் 625. ஏறத்தாழ 1,500 மீற்றர் இறக்கம், 1,400 கிலோ கார். அந்தச் சக்தி முழுவதும் பிரேக்கில் சூடாக மாற வேண்டும், அல்லது எஞ்சின் அதைத் தாங்க வேண்டும்.

நான் முன்னால் போக, ஒரு தம்பி புதிதாக வாங்கிய காரில் பின்னால் வந்தார். கிறிம்சல் இறக்கத்தில், குட்டானன் என்ற ஊருக்குச் சற்று மேலே, ரெலிபோன் அடித்தது. "அண்ணை, பிரேக் மிதிச்சா அடிவரைக்கும் போகுது." இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹான்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மேடான ஒதுக்கிடத்தில் நிறுத்தச் சொன்னேன். முன்சில்லிலிருந்து எரிந்த வாசம் வந்துகொண்டிருந்தது. பிரேக் ஒயில் ஐந்து வருடம் பழையது, அது கொதித்துக் குழாய்க்குள் குமிழி உண்டாகியிருந்தது. ஐந்தாம் கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி வந்திருக்கிறார். ஒரு மணித்தியாலம் ஆறவிட்ட பிறகு பெடல் திரும்ப மேலே வந்தது. ஆனாலும் காரை இழுத்துத்தான் கொண்டுபோனோம். ஒருமுறை கொதித்த ஒயிலை நம்பி மிச்ச மலையை இறங்கக் கூடாது.

ஆகவே இப்படி இறங்குங்கள். உச்சியிலேயே இரண்டாம் அல்லது மூன்றாம் கியர் போட்டுவிடுங்கள். சுழற்சி 4,000 வரை போனாலும் பரவாயில்லை, எஞ்சின் அதற்குத்தான் செய்யப்பட்டது. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் ஒருமுறை உறுதியாக மிதித்து, முழுவதும் விடுங்கள். இலேசாக மிதித்தபடியே வருவது பிரேக்குக்கு ஆறுவதற்கு நேரமே கொடுக்காது. கடுமையாகப் பிடித்த பிறகு நிறுத்தினால் பெடலில் காலை அழுத்தி வைத்திருக்காதீர்கள், சூடான பிரேக் தட்டில் பாட் அழுத்தும் இடத்தில் மட்டும் அடையாளம் விழும். பின்னால் வருபவர் அவசரப்பட்டால் ஒதுங்கி அவரை விடுங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

கடைசி ஐந்து கி.மீ. மெதுவாக ஓட்டி எஞ்சினையும் பிரேக்கையும் ஆறவிடுங்கள். காரை நிறுத்தும் இடத்தில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை எஞ்சினுக்குக் கீழே விரியுங்கள்.

மறுநாள் காலை அந்த அட்டையைப் பாருங்கள். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சேரும் இடத்துக்குக் கீழே சிறு ஒயில் துளி என்றால் பின்சீல் கசியத் தொடங்குகிறது. அவசரமில்லை, அடுத்த கிளச் வேலையோடு சேர்த்துச் செய்யலாம். நிறமுள்ள, இனிப்பு வாசமுள்ள ஈரம் என்றால் கூலன்ற். அது காத்திருக்காது, கராஜுக்கு அன்றே சொல்லுங்கள்.

பிறகு ஒயில் அளவு, கூலன்ற் மட்டம், ஓடிய தூரம் மூன்றையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் திறக்க வேண்டியது அந்தக் கொப்பிதான்.